ஜீரோ கேட் வரிசையும் நிதி விதிகளும்

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும் போக வர எண்ணூர் விரைவுச் சாலையைத்தான் நம்ப வேண்டும். விடியுமுன் ஏலம் தொடங்கும் வேளையில் ஐஸ் லாரிகள், மீன் எடுக்க வரும் குட்டி யானை வண்டிகள், கூடைக்காரப் பெண்களை ஏற்றிய ஷேர் ஆட்டோக்கள், மீன்பாடி வண்டிகள் எல்லாம் அந்தச் சாலைக்கு வந்து சேர்கின்றன. சாலை ஓரத்தில் 40 அடி கன்டெய்னரைச் சுமந்த டிரெய்லர்கள் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கின்றன. நெரிசல் முற்றிய நாட்களில் அந்த வரிசை திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம் வரை நீண்டதுண்டு. ஓட்டுநர்களுக்குச் சமையல், தூக்கம், குளியல் எல்லாம் வண்டியோரத்திலேயே முடியும். சாலையோரம் குடியிருப்பவர்கள் டீசல் புகையையும் தூசியையும் சுவாசித்துக்கொண்டு வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புவார்கள்.

இப்படிப்பட்ட வரிசையைச் சுருக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு என்கிறோம். வாகனம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி, சாலையில் எத்தனை வண்டி என்று எண்ணும் கேமரா, வருகைக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல், பேருந்து எப்போது வரும் என்று அறிவிக்கும் பலகை எல்லாம் இதில் அடக்கம். வடசென்னைச் சாலையிலும் இவற்றில் பல ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் வரிசை நிற்கிறது. ஏன் என்று தேடிப் போனால், மின்னணுவியல் புத்தகத்தைவிட அரசு நிதி ஒதுக்கீட்டு ஆணைகள்தான் அதிகம் சொல்லித்தருகின்றன. கருவியை வாங்கப் பணம் கொடுத்தவர் என்ன நிபந்தனை போட்டாரோ, அதைத்தான் அந்தக் கருவி பார்க்கிறது. அவர் கேட்காததை அது பார்ப்பதில்லை.

முதலில் வரிசையின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

வாசலில் ஒரு டிரெய்லரின் சீட்டைச் சரிபார்த்து, கன்டெய்னர் எண்ணையும் முத்திரையையும் பார்த்து உள்ளே அனுப்பச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடத்தில் மணிக்கு 30 வண்டி போகலாம். மணிக்கு 24 வண்டிதான் வருகிறது என்றால், வாசல் ஐந்தில் ஒரு பங்கு நேரம் சும்மா இருக்கும், வரிசையே விழாது என்று தோன்றும். ஆனால் வண்டிகள் நேரம் பிரித்துக்கொண்டு வருவதில்லை. மூன்று சேர்ந்தாற்போல் வந்து நிற்கும், அப்புறம் பத்து நிமிடம் ஒன்றும் வராது. ஒரு வண்டியின் ஆவணத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதற்கு மட்டும் 8 நிமிடம் போகும். வருகையும் சரிபார்ப்பும் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கும்போது, ஒரு வண்டி வரிசையில் சேர்ந்ததிலிருந்து உள்ளே போகும்வரை சராசரியாக 10 நிமிடம் ஆகும் என்று வரிசைக் கோட்பாடு கணிக்கிறது. மணிக்கு 27 வண்டி வந்தால் அது 20 நிமிடம். 29 வந்தால் ஒரு மணி நேரம். இருபத்தொன்பதரை வந்தால் இரண்டு மணி நேரம். வாசலின் திறனைத் தொட்டுவிட்டால் வரிசை வளர்ந்துகொண்டே போகும், நிற்காது.

இங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாறுகிறது. 24 வண்டி 27 ஆனபோது காத்திருப்பு இரட்டிப்பானது. 27 என்பது 29 ஆனபோது மும்மடங்கானது. கூடுதலாக வந்தவை இரண்டே வண்டிகள்தான். மழையில் ஒரு கிரேன் நின்றாலும், ஒரு கப்பல் முன்கூட்டியே வந்துவிட்டாலும், விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வாசல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

1961இல் இந்தத் துறையில் இரண்டு முக்கியமான முடிவுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் ஜான் லிட்டில் ஓர் எளிய சமன்பாட்டை நிரூபித்தார். வரிசையில் நிற்போர் எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. இதைத் திருப்பிப் போட்டால் எண்ணூர் சாலைக்கு உதவும். இடைவெளியோடு சேர்த்து ஒரு டிரெய்லருக்கு 20 மீட்டர் என்றால், 5 கிலோமீட்டர் வரிசையில் 250 வண்டிகள். மணிக்கு 30 உள்ளே போகிறது என்றால், கடைசி வண்டிக்கு 8 மணி 20 நிமிடம். வரிசையின் வாலைப் பார்த்ததுமே "இன்னைக்கு ராத்திரி இங்கதான்" என்று சொல்லும் ஓட்டுநர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

இரண்டாவது முடிவு இங்கிலாந்தின் ஜான் கிங்மனுடையது. வாசல் ஏறக்குறைய நிரம்பிய நிலையில், காத்திருப்பை நிர்ணயிப்பவை இரண்டு ஒழுங்கின்மைகள் என்று அவர் காட்டினார். ஒன்று வருகையின் ஒழுங்கின்மை, மற்றது சேவை நேரத்தின் ஒழுங்கின்மை. முன்பதிவு கொடுத்து வருகையை மட்டும் ஒழுங்குபடுத்தினாலே மேலே சொன்ன கணக்கில் காத்திருப்பு ஏறக்குறைய பாதியாகும். ஆவணங்களை முன்கூட்டியே சரிபார்த்துச் சேவை நேரத்தையும் சீராக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். புதிதாக ஒரு வாசல் கட்டாமலே, ஒரு கிரேன்கூட வாங்காமலே இது நடக்கும்.

மணிலா இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. 2014 பிப்ரவரியில் அந்த நகர நிர்வாகம் பகலில் லாரிகள் ஓடத் தடை விதித்தது. துறைமுகத்தில் கன்டெய்னர்கள் மலைபோல் குவிந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு லாரிகளுக்கு முன்பதிவு முறை வந்தது. எந்த மணிக்கு எந்த வாசலுக்கு என்று பதிவு செய்துகொண்ட லாரிதான் வர வேண்டும்.

முன்பதிவு முறைக்கு ஒரு முன்தேவை உண்டு. கப்பல் எப்போது வருகிறது, முனையத்தில் எத்தனை கன்டெய்னர் அடுக்கியிருக்கிறது, சுங்கச் சரிபார்ப்பு எந்த நிலையில், லாரி இப்போது எங்கே, வழியில் சாலை எப்படி என்ற ஐந்து தகவலும் ஒரே இடத்தில் சேர வேண்டும். வடசென்னையில் இந்த ஐந்தும் ஏதோ ஓர் எந்திரத்தில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பணத்தில் வாங்கப்பட்டது.

டிரெய்லரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம். அதற்குள் பேட்டரி கிடையாது. சாவடியின் ஆன்டெனா 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பும் ரேடியோ அலையே அந்தச் சில்லுக்கு மின்சாரம். கண்ணாடித் துண்டை ஆட்டி ஆட்டி வெயிலைத் திருப்பியடிக்கும் சிறுவனைப் போல, சில்லு அந்த அலையை விட்டுவிட்டுப் பிரதிபலித்துத் தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. எந்த வங்கி கொடுத்த பட்டையாக இருந்தாலும் எந்தச் சாவடியும் படிக்கும். எல்லாரும் ஒரே தரத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற விதி தொடக்கத்திலேயே இருந்ததால் இது சாத்தியமானது.

அதே டிரெய்லரின் பின்னால் கன்டெய்னர் கதவில் ஏற்றுமதியாளர் தன் செலவில் வாங்கிப் பூட்டிய மின்னணு முத்திரை தொங்குகிறது. அது சுங்கத் துறைக்காக. இறக்குமதியாகும் கன்டெய்னரில் இன்னொரு ரேடியோ பட்டை, ஜப்பானின் என்.இ.சி. நிறுவனமும் மத்திய அரசு சார்ந்த நிறுவனமும் கூட்டாக நடத்தும் தரவு வங்கிக்காக. அதற்குப் பணம் கன்டெய்னருக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கட்டணத்திலிருந்து வருகிறது. சாலையோரக் கேமராக்கள் வேறு கணக்கு. மாநகரப் பேருந்தின் இருப்பிடக் கருவி இன்னொரு கணக்கு. 2022 செப்டம்பரில் தேசியத் தளவாடக் கொள்கையோடு வெளிவந்த ஒருங்கிணைந்த இடைமுகத் தளம், சுங்கம், ரயில் சரக்கு, பாஸ்டேக், வாகனப் பதிவு முதலிய மத்திய அரசுத் தரவுகளை ஒரே வாசல்வழி கிடைக்கச் செய்தது. நல்ல வேலை. ஆனால் அது சரக்கு நிறுவனங்களுக்காகக் கட்டப்பட்டது. காசிமேட்டுக்குப் பக்கத்துச் சூரியநாராயண செட்டித் தெருவின் சிக்னலுக்கு அதில் இடமில்லை.

துறைமுகங்களும் ஒரே கூரையின் கீழ் இல்லை. சென்னைத் துறைமுகம் 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்திய அரசு அமைப்பு. எண்ணூரின் காமராஜர் துறைமுகம் ஒரு நிறுவனம், அதில் மத்திய அரசு வைத்திருந்த பங்கை 2020இல் சென்னைத் துறைமுகமே வாங்கிக்கொண்டது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம், மாநிலக் கடல்சார் வாரியத்தின் பார்வையில் இருப்பது. மூன்றின் லாரிகளும் மணலி, சாத்தாங்காடு, எர்ணாவூர் சாலைகளில் கலக்கின்றன.

சாலையை அகலப்படுத்துவதற்கே எத்தனை பேர் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது என்பதற்கு எண்ணூர்-மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் சாட்சி. 1990களின் கடைசியில் பேசத் தொடங்கிய, 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், மாநில அரசு எல்லாம் சேர்ந்து ஒரு தனி நிறுவனமே தொடங்கின. நிலம், மீனவர் மறுகுடியமர்வு, கடலரிப்பு என்று இழுத்து, முடிய ஒன்றரைப் பத்தாண்டு போனது. தாரும் ஜல்லியும் போடுவதற்கே இந்தப் பாடு. தகவலைப் பகிர்ந்துகொள்ள அப்படி ஒரு நிறுவனத்தை யாரும் தொடங்கவில்லை.

சென்னையின் நுண்ணறிவுப் போக்குவரத்துக்கான பெரிய பணம் ஜப்பானிலிருந்து வந்தது. சிக்னல்கள், நெரிசல் தகவல், மாநகரப் பேருந்துகள் ஆகியவற்றுக்காக ஜப்பானிய நிதியுதவி முகமையான ஜைக்கா 2018இல் சுமார் 800 கோடி யென் கடன் தர ஒப்பந்தம் போட்டது. இந்தக் கடன் வரும் பாதையை ஒருமுறை பார்ப்பது நல்லது. அரசியலமைப்பின் 293ஆம் பிரிவு மாநிலங்கள் இந்திய எல்லைக்குள் கடன் வாங்கத்தான் இடம் கொடுக்கிறது. அதனால் ஒப்பந்தம் போடுவது மத்திய அரசு. 2005க்குப் பிறகு, வாங்கிய அதே வட்டியிலும் அதே நிபந்தனைகளிலும் அது மாநிலத்துக்குக் கைமாறுகிறது. யென்னின் மதிப்பு ஏறினால் கூடுதல் சுமை மாநிலத்தின் தலையில். ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தப்புள்ளி ஆவணம், மதிப்பீடு என்று ஒவ்வொரு படியிலும் கடன் கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும். ஊழலைத் தடுக்க இந்தப் படிகள் தேவை, அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் கடன் கையெழுத்தானதற்கும் சாலையில் கம்பம் நடப்பட்டதற்கும் நடுவில் சில ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கைப்பேசி இரண்டு தலைமுறை மாறிவிடும் காலம் அது.

இன்னொரு வகைப் பணம் இடத்தைக் கட்டிப்போட்டது. 2015இல் தொடங்கிய சீர்மிகு நகரங்கள் திட்டம் ஒரு நகரத்துக்கு ஐந்தாண்டில் 500 கோடி ரூபாய் மத்திய நிதி தந்தது. அதே அளவு தொகையை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும். அதன் விதிப்படி, நகரத்துக்குள் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கே பணத்தைக் குவிக்க வேண்டும். 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 நகரப் பட்டியலில் இடம்பெற்ற சென்னை தி.நகரைத் தேர்ந்தெடுத்தது. பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் எழுந்தது, அழகாகவும் இருக்கிறது. மதிப்பெண் போட்டியில் ஜெயிக்க வேண்டிய விண்ணப்பத்துக்கு, பல அமைப்புகளின் எல்லைகள் மோதும் காசிமேட்டைவிட மாநகராட்சியே பெரும்பாலும் முடிவெடுக்கக்கூடிய தி.நகர் வசதி. விதியே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று தனியாக ஒன்று 2023இல்தான் 1,000 கோடி ரூபாய் அறிவிப்போடு வந்தது. 2024 மார்ச்சில் அது 4,181 கோடியாக உயர்ந்தது.

பணம் எதைப் பார்க்கச் சொல்கிறது என்பதற்குப் பேருந்துதான் நல்ல எடுத்துக்காட்டு. 2013இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் பேருந்துகளுக்கான தர வரையறையைப் புதுப்பித்தபோது, இருப்பிடக் கருவி, அறிவிப்புப் பலகை, கேமரா எல்லாம் பேருந்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்றது. மத்திய நிதியில் பேருந்து வாங்க அது நிபந்தனை. 2016 நவம்பரில் மோட்டார் வாகன விதிகளில் 125எச் சேர்க்கப்பட்டது. பயணிகள் வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கான தொழில்நுட்பத் தரத்தின் பெயர் ஏ.ஐ.எஸ்.-140. வாகனத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் கருவி தன் பேட்டரியில் 4 மணி நேரம் இயங்க வேண்டும். கைப்பேசிச் சிக்னல் இல்லாத இடத்தில் 40,000 பதிவுகளைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்ப வேண்டும். வண்டியைக் கடத்திப் போகிறவன் முதலில் கம்பியைத்தான் அறுப்பான் என்று யோசித்து எழுதிய தரம் அது.

இந்தக் கருவிகளைக் கண்காணிக்கும் மையங்களுக்கு நிர்பயா நிதியிலிருந்து பணம் வந்தது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதம். சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளில் 2022 மே மாதம் முதல் கேமராவும் அவசரப் பொத்தானும் பொருத்தப்பட்டதும் நிர்பயா நிதியில்தான். பெண்களின் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பணம் என்பதால் கேமரா பேருந்துக்குள்ளே பார்க்கிறது. நியாயமான பார்வை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அதே பேருந்துக்கு முன்னால் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த நிதியின் கேள்வி அல்ல. அபாயகரமான வாயுக்களும் பொருள்களும் ஏற்றும் கனரக வாகனங்களுக்கு 2022இல் இந்த விதியை நீட்டினார்கள். மணலி தொழிற்சாலைகளைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அது முக்கியமான மாற்றம். சாதாரண கன்டெய்னர் டிரெய்லரை அந்த நீட்டிப்பு தொடவில்லை.

வியாசர்பாடியில் புதியதொரு கணக்கு தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று அங்குள்ள பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்தும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்துடையது, நடத்துநரும் டிக்கெட் பணமும் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இதற்குப் பின்னால் உலக வங்கி 2021இல் ஒப்புக்கொண்ட 15 கோடி டாலர் சென்னைத் திட்டம் இருக்கிறது. அது பொருள் வாங்கியதற்கான ரசீதைப் பார்த்துப் பணம் விடுவிக்கும் வகையல்ல. முன்பே பேசிவைத்த பலன் கிடைத்ததா என்று சரிபார்த்துவிட்டுத்தான் தவணை விடும். இங்கே செயற்கைக்கோள் இருப்பிடக் கருவி கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்கிறது. எத்தனை கிலோமீட்டர், எந்தத் தடத்தில், நேரத்துக்கா, நிறுத்தத்தில் நின்றதா என்பதெல்லாம் பணமாக மாறுகிறது. எனக்கு இந்த மாற்றத்தில் நம்பிக்கை உண்டு. அறிவிப்புப் பலகை ஒன்று பழுதானால் பயணி முணுமுணுப்பார், அதோடு முடிந்தது. கருவி பழுதானால் பில் தொகை நிற்கும் என்றால் அது அன்றே சரிசெய்யப்படும்.

பல இந்திய நகரங்களில் பேருந்து நிறுத்தப் பலகைகள் திறப்பு விழாவுக்குப் பிறகு சில ஆண்டுகளில் கண்மூடிவிட்டதற்கும் காரணம் நிதி விதிதான். மானியம் கட்டுமானச் செலவுக்குக் கிடைக்கும். சிம் கார்டு மாதக் கட்டணம், சர்வர் வாடகை, கேமராவின் தூசியைத் துடைக்கும் ஆளின் சம்பளம் ஆகியவை நகர அமைப்பின் பொறுப்பு. காசிமேட்டுக் கடற்காற்றில் இரும்புப் பெட்டி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அங்கே கடை வைத்திருக்கும் எவரும் சொல்வார்கள்.

இனி, எந்தப் பட்டியலிலும் இல்லாத வண்டி. பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மூன்று சக்கரத் தட்டு வண்டியில் பூட்டி ஓட்டும் மீன்பாடி வண்டி இல்லாமல் காசிமேட்டு வியாபாரம் ஒருநாள்கூட நடக்காது. அதற்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, பதிவெண் கிடையாது. எனவே பாஸ்டேக்கும் ஏ.ஐ.எஸ்.-140ம் அதற்குப் பொருந்தாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட நகரச் சாலைத் திறன் அட்டவணை, காரை 1 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறது. லாரி 2.2 முதல் 3.7, இருசக்கர வாகனம் 0.5 முதல் 0.75, சைக்கிள் ரிக்‌ஷா 1.5 முதல் 2, கைவண்டி 2 முதல் 3. கைவண்டிக்குக்கூட இடம் கொடுத்த அட்டவணையில் மீன்பாடி வண்டி இல்லை.

வருகைக்கு ஏற்ப நேரத்தை மாற்றும் தகவமைப்புச் சிக்னலுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பிரிட்டனின் ஸ்கூட், சிட்னியின் ஸ்கேட்ஸ் என்ற இரண்டு பழைய முறைகளும் 1970களில் பிறந்தவை. ஒவ்வொரு தடத்தின் அடியிலும் புதைத்த கம்பிச் சுருளுக்கு மேல் இரும்பு நகரும்போது சுருளின் தூண்டுதிறன் மாறும், அதிலிருந்து வண்டியை எண்ணும். வண்டிகள் தடம் பிரிந்து போகும் ஊருக்கு அது சரி. நம் சாலையில் ஒரே அகலத்தில் பேருந்தும் அதன் பக்கத்தில் இரண்டு பைக்கும் நடுவில் ஒரு சைக்கிளும் போகும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஷேக் முகமது அலி, பாபி ஜார்ஜ், லலிதா வனஜாட்சி முதலியோர் இதற்கென்றே ஒரு சுருளை வடிவமைத்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு பெரிய சுருளுக்குள் பல சிறிய சுருள்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒத்ததிர்வு அலைவெண். பேருந்து பெரிய சுருளை அசைக்கும், சைக்கிள் தன் கீழே இருக்கும் சின்னச் சுருளை மட்டும் அசைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் எண்ணிவிடலாம். நம் தெருவுக்காக நம் ஊரில் பிறந்த கண்டுபிடிப்பு இது. பெரிய கடன்களின் ஒப்பந்தப்புள்ளிகளோ, ஏற்கெனவே வேறு நகரங்களில் நிறுவி ஓடிய அனுபவம் கேட்பவை. ஆய்வகத்தில் பிறந்த பொருளுக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? முதல் வாய்ப்பு கொடுக்கும் ஒரு சிறு பங்கை நிதி விதியிலேயே ஒதுக்கிவைத்தால்தான் வரும்.

சாலையை விட்டுக் கடலுக்குப் போனால் நிலைமை வேறாக இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகின் வி.எச்.எப். ரேடியோ பூமியின் வளைவைத் தாண்டாது. கரையில் 64 மீட்டர் கோபுரமும் படகில் 9 மீட்டர் கம்பமும் இருந்தால், நல்ல நாளிலும் 45 கிலோமீட்டர்தான் எட்டும். அந்தத் துயரத்துக்குப் பிறகு இஸ்ரோவின் இருவழி டிரான்ஸ்பாண்டர்கள் படகுகளுக்கு வரத் தொடங்கின. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஜிசாட்-6 செயற்கைக்கோள், விண்ணில் விரியும் 6 மீட்டர் ஆன்டெனாவைக் கொண்டது. மேலே இருக்கும் காது அவ்வளவு பெரியதாக இருப்பதால் படகில் இருக்கும் கருவி சிறியதாக இருந்தாலே போதும். புயல் எச்சரிக்கை தாய்மொழியில் வரும், ஆபத்தென்றால் ஒரு பொத்தானை அழுத்தலாம், எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும்.

மத்திய மீன்வளத் திட்டத்தின் கீழ் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட தேசிய அளவிலான திட்டத்துக்கு 364 கோடி ரூபாய், 1 லட்சம் படகுகள். ஒரு படகுக்கு 36,400 ரூபாய் என்று வருகிறது. மத்திய அரசு 60, மாநிலம் 40. மீனவர் கையிலிருந்து ஒரு ரூபாயும் கிடையாது. குஜராத் படகுக்கும் காசிமேட்டுப் படகுக்கும் ஒரே தரக் கருவி. ஒரே பணம், ஒரே தரம், ஒரே செயற்கைக்கோள் என்பதால் பல மாநிலங்களில் ஒரே மாதிரி வேலை செய்கிறது. தான் மீன் பிடிக்கும் இடம் யாருக்கெல்லாம் தெரியும் என்ற மீனவர்களின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தத் தகவல் யாருடையது, எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் நிதி ஆணையிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. கருவியை இலவசமாகக் கொடுத்தவர் தகவலுக்கும் உரிமையாளராகிவிடக் கூடாது.

நூறு கடல்மைல் தாண்டிய படகுக்குச் செய்தி அனுப்ப முடிகிறது. அதன் மீனை ஏற்றப்போகும் லாரி எத்தனை மணிக்கு வரிசையைக் கடக்கும் என்று கரையில் சொல்ல ஆள் இல்லை.

அமெரிக்காவும் இதே சிக்கலில் இருந்தது. 1990களில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு நகரமும் தனக்குப் பிடித்த கருவியை வாங்கின, பக்கத்து நகரத்தின் கட்டுப்பாட்டு மையத்தோடு பேச முடியவில்லை. 1998இல் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2001 ஜனவரி 8இல் ஒரு விதியை வெளியிட்டது, ஏப்ரல் 8இல் அது அமலுக்கு வந்தது. பெட்ரோல் வரியில் நிரம்பும் நெடுஞ்சாலை நிதியிலிருந்து பணம் வேண்டுமா? உன் கருவிகள் தேசியக் கட்டமைப்புக்கும் தரங்களுக்கும் ஒத்துப்போக வேண்டும். நான்கு ஆண்டுக்குள் உன் வட்டாரத்தின் போலீஸ், பேருந்துக் கழகம், சாலைத் துறை, அவசர மருத்துவம் எல்லாம் சேர்ந்து யார் யாருக்கு என்ன தகவல் கொடுப்பது என்று ஒரு வரைபடம் எழுத வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் ஆய்வு வேண்டும், அதில் ஏழு அம்சங்கள் இருக்க வேண்டும். பங்கேற்கும் அமைப்புகளின் பொறுப்பு அதில் ஒன்று. ஏழாவது அம்சத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்: இந்த அமைப்பை இயக்கிப் பராமரிக்க ஆளும் பணமும் எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த விதி எந்தக் கருவியையும் கண்டுபிடிக்கவில்லை, யாரையும் இதை வாங்கு என்று சொல்லவும் இல்லை. பணத்தை வாங்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசு என்று மட்டும் சொன்னது.

நம்மிடம் அந்த மேசை இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் நிறைவேறியது. கும்டா என்று அழைக்கப்படும் அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வீணானது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் வேலை தொடங்கிய பிறகு வேகம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். மூன்று நிர்வாகங்கள், மூன்று கணக்குப் புத்தகங்கள், அவற்றில் ஒன்று மத்திய அரசின் ரயில்வே. அதைச் செய்ய முடிந்தவர்களால் துறைமுக வாசலையும் சேர்க்க முடியும். பயணிக்குச் செய்ததைச் சரக்குக்கும் செய்யச் சொல்லும் அதிகாரமும் பணமும்தான் வேண்டும்.

அதற்கான அவசரம் கூவம் ஓரத்தில் தூண்களாக எழுந்துகொண்டிருக்கிறது. துறைமுகம்-மதுரவாயல் மேம்பாலத்துக்கு முதலில் 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், 2012இல் வேலை நின்றது. 2022 மே மாதம் இரண்டடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 20.6 கிலோமீட்டர், மேலடுக்கு முழுக்கத் துறைமுக லாரிகளுக்கு. அது திறந்ததும் மதுரவாயலிலிருந்து வரும் டிரெய்லர்கள் காசிமேட்டுப் பக்கம் வராமல் தெற்கு வாசலுக்கு விரைவாகப் போய்விடும், எண்ணூர் சாலைக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். ஆனால் முனையத்துக்குள் மணிக்கு எத்தனை வண்டி போகலாம் என்ற எண் பாலத்தால் மாறாது. மணிக்கு 30 போகும் தடத்துக்கு 29 வண்டி வந்தால் ஒரு மணி நேரம் என்ற கணக்கு மேலடுக்கிலும் அதேதான். சாலையில் நின்றால் ஓட்டுநருக்கு ஒரு டீக்கடையாவது உண்டு. தண்ணீரோ கழிவறையோ இல்லாத பாலத்தின் மேல் எட்டு மணி நேரம் நிற்பவர் என்ன செய்வார்? மேலடுக்கில் ஏறும் முன்பே, மதுரவாயலிலேயே, உன் முறை இத்தனை மணிக்கு என்று அவர் கைப்பேசிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முனையத்தின் அடுக்கு நிலவரம், சுங்கத்தின் அனுமதி, பாஸ்டேக்கின் நேரப் பதிவு மூன்றும் கும்டாவுக்குப் போக வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை, பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் வடசென்னைத் திட்டத்துக்கும் இனி விடுவிக்கப்போகும் ஒவ்வொரு தவணையிலும் சேர்க்கலாம். ஒரு தவணை நிறுத்தப்பட்டாலே போதும், மூன்று அலுவலகங்களும் அடுத்த வாரமே பேசத் தொடங்கிவிடும்.